நேற்று எப்படிப் போனது என்று கேளுங்கள்: மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். நாள்பட்ட வலியோடு வருகிறவர்களைப் பார்க்கும் எல்லா மருத்துவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். எலும்பு, நரம்பு, மூட்டு, பொது மருத்துவம், இயன்முறை (பிசியோதெரபி) என்று எந்தப் பிரிவில் இருந்தாலும் எங்களில் யாராவது ஒருவர் இன்று உங்கள் எதிரில் உட்கார்ந்திருப்போம். எனக்கு இடுப்பில் தொடங்கி ஒரு காலில் இறங்கும் வலி. பல வருடங்களாகக் கூடவே இருக்கிறது. ஒற்றைத் தலைவலி, முடக்குவாதம், உடம்பு முழுக்கப் பரவி வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா, சர்க்கரை நோயால் வந்த நரம்பு வலி என்று மற்றவர்கள் வேறு பெயர்களோடு வருவார்கள். பெயர் எதுவானாலும் நான் கேட்பது ஒன்றுதான்: எங்கள் வலியைப் பற்றிக் கேட்கிறீர்கள் இல்லையா, அதே அக்கறையோடு எங்கள் நாளைப் பற்றியும் கேளுங்கள்.

வழக்கமாக நீங்கள் கேட்பது எண். "பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு?" கேட்க ஒரு நொடி போதும். பதில் சொல்வதற்குள் எங்கள் மண்டைக்குள் ஒரு பட்டிமன்றமே நடந்து முடியும். இப்போது உட்கார்ந்திருக்கும்போது எவ்வளவு என்று கேட்கிறாரா, காலையில் எழுந்தபோது இருந்ததையா, போன வாரம் மோசமாக இருந்த அந்த ராத்திரியையா? எட்டு என்றால், சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் இந்த ஆளுக்கு எட்டா என்று சந்தேகப்படுவீர்கள். நான்கு என்றால், நான்குக்காகவா இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று நினைப்பீர்கள். பத்து என்று சொல்லவே முடியாது, நாடகம் போடுகிறார் என்று ஆகிவிடும். கடைசியில் ஆறு என்று சொல்லிவிடுவோம். எங்கள் ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள், ஆறுதான் பாதுகாப்பான எண்.

நீங்களும் ஆறு என்று குறித்துக்கொள்வீர்கள். அந்த ஆறுக்குள் என்னென்ன இருக்கிறது என்பதுதான் ஏட்டில் ஏறாமல் போகிறது.

அதைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன். கையிலிருந்து பேனா கீழே விழுகிறது. மற்றவர்கள் குனிந்து எடுத்துவிட்டு, குனிந்ததையே மறந்துவிடுவார்கள். நான் எடுப்பதில்லை. இன்னொன்று விழட்டும் என்று விட்டுவிடுவேன். மாலைக்குள் பேனா, ஒரு துண்டுக் காகிதம், ஒரு துணிக்கவ்வி என்று தரையில் சேர்ந்திருக்கும். ஒரே தடவை, ஒரு கையை மேசையில் ஊன்றி, வலி இறங்காத காலில் எடையைப் போட்டு, எல்லாவற்றையும் சேர்த்து எடுப்பேன். வீட்டுக்கு வருகிறவர்கள் இவள் சோம்பேறி என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். காலுறை போடுவது அதைவிடப் பெரிய வேலை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, முழங்காலைப் பக்கவாட்டில் மடக்கி, பாதத்தைக் கைக்குக் கொண்டுவர வேண்டும். சில நாள் பாதம் வரும், சில நாள் வராது. வராத நாளில் செருப்புதான்.

தலைக்குக் குளிப்பது தனிக் கணக்கு. கையைத் தூக்கி, கழுத்தைச் சாய்த்து, அவ்வளவு நேரம் நிற்க வேண்டும். குளித்து முடித்ததும் படுக்க வேண்டியிருக்கும். அதனால் வெளியே போகும் நாளில் தலைக்குக் குளிப்பதில்லை, முந்தின நாளே முடித்துவிடுவேன். முந்தின நாள் துணி துவைக்கும் நாளாக இருந்தால் துணி ஒரு நாள் தள்ளிப்போகும். மாலையில் ஒரு விசேஷம் என்றால் காலையில் அடுப்படிப் பக்கம் போவதில்லை. இப்படி ஒரு வேலையைச் செய்ய இன்னொன்றை விட்டுக்கொடுத்துத்தான் ஒவ்வொரு வாரமும் நகர்கிறது. யாரும் இதைப் பார்ப்பதில்லை. விசேஷத்துக்கு வந்து சிரித்த முகத்தைத்தான் பார்க்கிறார்கள், "நல்லாத்தானே இருக்கே" என்கிறார்கள்.

நீங்கள் பார்ப்பதும் அந்த முகத்தைத்தான். உங்களிடம் வருவதற்காக முந்தின நாள் ஓய்வெடுத்திருப்போம், வலி மாத்திரையை நேரம் பார்த்துப் போட்டிருப்போம், இஸ்திரி போட்ட உடையில் வந்திருப்போம். அழுக்காக வந்தால் ஒழுங்கில்லாதவர், சுத்தமாக வந்தால் பெரிதாக வலியில்லாதவர் என்று யாரோ எழுதாத சட்டம் ஒன்று வைத்திருக்கிறார்கள். திரும்பிப் போன பிறகு அடுத்த நாள் முழுக்கப் படுக்கையில் கிடப்பது உங்கள் கண்ணில் படாது. எங்கள் வாரத்தின் மிகச் சிறந்த அரை மணி நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறீர்கள். அது உங்கள் தப்பில்லை. மீதி நேரத்தைத் தெரிந்துகொள்ள ஒரே வழி கேட்பதுதான். "நேற்று காலையிலிருந்து ராத்திரி வரை என்ன செய்தீர்கள்? எதைச் செய்யாமல் விட்டீர்கள்?" அவ்வளவுதான் கேள்வி. இதற்கு யாரும் ஆறு என்று பதில் சொல்லிவிட முடியாது.

இது நானாகக் கண்டுபிடித்ததும் இல்லை. உங்கள் புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கிறது. உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும், அல்லது திரும்பத் திரும்ப வரும் வலிக்கு அதில் தனி இடம் கொடுத்திருக்கிறார்கள். இன்னொரு நோயின் அறிகுறியாக அல்லாமல் வலியே நோயாக நிற்கும் நிலைக்கும் ஒரு பெயர் இருக்கிறது. அதன் வரையறையிலேயே மனவேதனையும் அன்றாடச் செயல்பாடு முடங்குவதும் வருகின்றன. கடுமையைக் குறிக்கும் இடத்தில் வலியின் அளவு, அது தரும் மனவேதனை, வாழ்க்கைக்கு அது போடும் முட்டுக்கட்டை என்று மூன்றையும் குறிக்கச் சொல்கிறார்கள். முதலாவதை மட்டும் கேட்டு நிறுத்திக்கொண்டால் நோயைப் பாதிதான் பார்த்ததாக ஆகும்.

நேரம் இல்லை என்பீர்கள். தெரியும், வெளியே நிற்கும் அந்த வரிசையில் நானும் நின்றுதான் உள்ளே வந்தேன். அதற்கும் வழி செய்து வைத்திருக்கிறார்கள். 2009-இல் வெளியான 'பெக்' என்ற படிவத்தில் மூன்றே கேள்விகள். கடந்த ஒரு வாரத்தில் சராசரியாக வலி எவ்வளவு, வாழ்க்கையை ரசிப்பதற்கு அது எவ்வளவு குறுக்கே நின்றது, பொதுவான வேலைகளுக்கு எவ்வளவு குறுக்கே நின்றது. மூன்றுக்கும் பத்துக்குள் எண்தான். காத்திருக்கும் நேரத்திலேயே கையில் கொடுத்தால் நிரப்பிக்கொண்டு வந்துவிடுவோம். காத்திருக்கும் நேரத்துக்கு எங்களிடம் பஞ்சமே இல்லை.

அடுத்தது "எல்லாம் நார்மல்". எம்.ஆர்.ஐ. படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு நீங்கள் சொல்லும் இந்த இரண்டு வார்த்தைகள் உங்களுக்கு நல்ல செய்தி. புற்றுநோய் இல்லை, எலும்பு முறிவு இல்லை, கிருமித்தொற்று இல்லை. எங்களுக்கும் அது நிம்மதிதான், ஐந்து நிமிடத்துக்கு. பிறகு வீட்டில் கேள்வி வரும்: ஒன்றுமில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டாரே, அப்புறம் ஏன் படுத்துக்கொண்டிருக்கிறாய்?

படமும் வலியும் கைகோத்து நடப்பதில்லை என்பது உங்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். முதுகுவலியே இல்லாத 3110 பேரின் படங்களை வைத்து நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் ஒரு கட்டுரை வந்தது. இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு முதுகுத்தட்டு (டிஸ்க்) தேய்ந்திருந்தது. எண்பது வயதில் அது 96 சதவீதம். அவர்களில் ஒருவருக்கும் வலி இல்லை. தேய்மானம் இருந்தும் வலி இல்லாமல் இருக்க முடியும் என்றால், படத்தில் ஒன்றும் தெரியாமலும் வலி இருக்க முடியும். காயத்துக்குப் பிறகு வலியைச் சுமந்து செல்லும் நரம்பு மண்டலமே மாறி, கூடுதலாக உணரத் தொடங்கிவிடுகிறது என்பதைத் தண்டுவட ஆய்வுகளில் கிளிஃபோர்ட் வூல்ஃப் என்ற நரம்பியல் ஆய்வாளர் 1983-இலேயே காட்டிவிட்டார். ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டால் கிசுகிசுப்புகூடக் கூச்சலாகக் கேட்கும், அந்த மாதிரி. எம்.ஆர்.ஐ. எடுப்பது உடற்கூறின் படம், அந்தச் சத்தம் அதில் பதிவாகாது.

ஆகவே "எல்லாம் நார்மல்" என்பதோடு இன்னும் ஒரு வாக்கியம் சேர்த்துக்கொள்ளுங்கள். "ஆபத்தானது எதுவும் இல்லை, ஆனால் உங்கள் வலி உண்மை, அது எப்படி வருகிறது என்று சொல்கிறேன்." முடிந்தால் கூட வந்திருப்பவரின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020-இல் வலிக்கான வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று குறிப்பே எழுதியிருக்கிறது. வீட்டில் நாங்கள் பத்து முறை விளக்கியும் எடுபடாதது நீங்கள் ஒரு முறை சொன்னால் எடுபடும்.

அந்த அளவுக்கு உங்கள் வார்த்தைக்குக் கனம் இருப்பதால்தான் வேறொரு விஷயத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. "உங்க முதுகு கிழவி முதுகு மாதிரி இருக்கு." எனக்கு முப்பது வயது ஆகியிராத காலத்தில் ஒருவர் படத்தைப் பார்த்து விளையாட்டாகச் சொன்னது இது. கூடவே "இனிமேல் குனியவே கூடாது" என்றார். எத்தனை நாளைக்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதன்பிறகு ரொம்ப காலம் குனியவில்லை. குனியாத முதுகு இறுகியது, இறுகிய முதுகு இன்னும் வலித்தது. பிறகு ஓர் இயன்முறை மருத்துவர், நான் குனிந்தால் முதுகு ஒன்றும் ஒடிந்துவிடாது என்று புரியவைக்கவே வாரக்கணக்கில் மெனக்கெட வேண்டியிருந்தது. தேய்ந்துபோச்சு, விலகிடுச்சு, நசுங்கிடுச்சு என்பதெல்லாம் உங்களுக்கு நாளுக்கு நூறு முறை புழங்கும் சொற்கள். நாங்கள் அவற்றை வீட்டுக்கு எடுத்துப்போய், தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறோம். தடை போடுவதாக இருந்தால் கெடுவும் சொல்லிவிடுங்கள்: "மூன்று வாரம் குனிய வேண்டாம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்கலாம்."

உடற்பயிற்சிக்கு வருவோம், இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. "நடங்க, எக்ஸர்சைஸ் பண்ணுங்க" என்று சொல்லாத மருத்துவரே இல்லை. சரியான அறிவுரை, எனக்கு மறுப்பில்லை. ஆனால் மாத்திரை எழுதும்போது எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று எழுதுகிறீர்கள். நடையை மட்டும் ஒற்றை வார்த்தையில் முடித்துவிடுகிறீர்கள். எத்தனை நிமிடம்? வலித்தால் நிறுத்துவதா, தொடர்வதா? அடுத்த நாள் கூடுதலாக வலித்தால் விட்டுவிடுவதா?

இது தெரியாததால் நடப்பதைச் சொல்கிறேன். ஒரு நாள் வலி குறைவாக இருக்கும். விட்டால் கிடைக்காது என்று வீடு பெருக்கி, பரண் ஒழித்து, அலமாரி அடுக்கி, நடைக்கும் போய்வந்துவிடுவோம். அடுத்த மூன்று நாள் எழ முடியாது. எழுந்ததும் மறுபடி இதே கதை. வருடக்கணக்கில் இப்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தால், செய்யக்கூடிய வேலையின் அளவு மெல்லக் குறைந்துகொண்டே வரும். வில்பர்ட் ஃபோர்டைஸ் என்ற உளவியலாளர் 1970-களிலேயே இதற்கு ஒரு மாற்று சொன்னார். வலி வந்தபின் நிறுத்தாதே, கடிகாரத்தைப் பார்த்து நிறுத்து என்பதே அதன் சாரம். மோசமான நாளிலும் முடிகிற அளவு எது என்று கண்டுபிடித்து, நல்ல நாளிலும் அதைத் தாண்டாமல் இருப்பது, பிறகு அதைச் சிறுகச் சிறுகக் கூட்டுவது.

எனக்கு அந்த அளவு ஏழு நிமிட நடையாக இருந்தது. கேட்கவே வெட்கமாக இருந்தது. தெருமுனையைத் தொடுவதற்குள் கைபேசி மணி அடித்துவிடும், ஊர் பார்க்கத் திரும்பி வர வேண்டும். நன்றாக இருக்கும் நாளில் மணி அடித்ததும் திரும்புவதுதான் மகா கஷ்டம், கால் இன்னும் போகலாம் என்றே சொல்லும். ஆனால் நான் படுத்துக் கிடக்கும் நாள்களைக் குறைத்தது அந்த ஏழு நிமிடம்தான். பெரிய பெரிய அறிவுரைகள் எதுவும் அதைச் செய்யவில்லை. எனவே மருந்துச் சீட்டில் நடையையும் அளவோடு எழுதுங்கள். "தினமும் இத்தனை நிமிடம், வலி குறைந்தாலும் கூட்டக்கூடாது, இரண்டு வாரம் கழித்து இவ்வளவு." வீட்டு வேலைக்கும் அதே கணக்குப் பொருந்தும் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பெண்களில் பலர் பெருக்குவதும் துவைப்பதும் வேலைக் கணக்கிலேயே வராது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

மருந்தைப் பற்றிச் சுருக்கமாக. அமிட்ரிப்டிலின், டுலாக்செடின் எழுதித் தருகிறீர்கள். வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்த்தால் மனச்சோர்வுக்கான மருந்து என்று வருகிறது. ப்ரீகாபலின், காபாபென்டின் என்றால் வலிப்பு நோய்க்கானது என்று வருகிறது. டாக்டர் ஏதோ மறைக்கிறார் என்று பயந்து பாதியில் நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். சட்டென்று நிறுத்தக் கூடாத மருந்துகள் இவை என்பது அவர்களுக்குத் தெரியாது. "இது நரம்பு வலியையும் குறைக்கும், பலன் தெரியச் சில வாரம் ஆகலாம், முதலில் தூக்கக் கலக்கமும் வாய் வறட்சியும் இருக்கலாம், நீங்களாக நிறுத்தாதீர்கள்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நாளைப் பற்றிக் கேட்டால் இதற்கும் உதவும். காலையில் வண்டி ஓட்டி வேலைக்குப் போகிறவருக்கும், ராத்திரி முழுக்கக் குழந்தைக்காக எழுந்துகொண்டிருப்பவருக்கும் ஒரே மருந்தை ஒரே நேரத்தில் கொடுக்க முடியாது இல்லையா. தூக்கத்தைப் பற்றியும் கேளுங்கள். தூங்காத ராத்திரிக்கு அடுத்த பகலில் வலி கூடும், வலி கூடினால் அடுத்த ராத்திரியும் தூக்கம் போகும்.

மனநல ஆலோசனைக்கு அனுப்புவதை நான் எதிர்க்கவில்லை. வலியோடு வாழப் பழகுவதற்கு அது உதவுகிறது, எனக்கும் உதவியது. நீங்கள் அனுப்பும் நேரம்தான் இடிக்கிறது. எல்லாப் பரிசோதனையும் முடிந்து, எதிலும் ஒன்றும் தெரியாமல், கடைசிப் பக்கத்தில் "ஒரு சைக்காலஜிஸ்ட்டைப் பாருங்களேன்" என்றால், எல்லாம் உன் மனப்பிரமை, இனி என்னிடம் வராதே என்றுதான் காதில் விழுகிறது. இயன்முறைக்கு அனுப்பும் அதே நாளில், அதே குரலில் இதையும் சொல்லிவிட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம். பல துறையினர் கூடி ஒரு வலியைப் பார்க்க வேண்டும் என்பதற்காக வாழ்நாளெல்லாம் உழைத்தவர் ஜான் பொனிக்கா என்ற மயக்க மருந்து மருத்துவர். படிப்புச் செலவுக்காக மல்யுத்தம் செய்தவர், அந்தக் காயங்களின் வலியைக் கடைசிவரை சுமந்தவர். 1953-இல் வலிக்கென்றே பெரிய நூல் எழுதியவரும் அவர்தான். வலிக்கிற ஆள் மருத்துவராகவும் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அவரே உதாரணம்.

வேலையிடத்துக்கு நீங்கள் எழுதித்தரும் சான்றிதழைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "கனமான வேலை தவிர்க்கவும், ஓய்வு தேவை" என்று எழுதுகிறீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து கணினி பார்க்கும் எனக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. கனமான வேலை நான் செய்வதே இல்லையே. எனக்குத் தேவை, அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நிற்பது. கூட்டம் நடக்கும்போது சுவரோரம் நின்று கேட்பது. காலையில் உடம்பு பிடித்துக்கொண்டிருக்கும் நாளில் ஒரு மணி நேரம் தாமதமாகத் தொடங்குவது. இவற்றை நீங்கள் எழுதினால் மேலாளர் ஒத்துக்கொள்வார், நான் சொன்னால் சாக்கு என்பார். ஓய்வு தேவை என்று எழுதினால் ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பிவிடும் ஆபத்தும் இருக்கிறது. எங்களில் பலருக்கு வேலைதான் வலியை மறக்கவைக்கும் ஒரே இடம். என்ன எழுத வேண்டும் என்று உங்களுக்குத் தெரிய, அங்கே நான் என்ன செய்கிறேன் என்று கேட்க வேண்டியிருக்கும்.

எங்கள் பக்கத்திலிருந்தும் ஒன்று செய்கிறோம். அடுத்த முறை வரும்போது அரைப் பக்கத்துக்கு மேல் போகாமல் எழுதிக்கொண்டு வருகிறோம்: இந்த மாதம் செய்ய முடிந்தவை, விட்டுப்போனவை, எது மட்டும் திரும்பக் கிடைத்தால் போதும் என்பது. எனக்கு இப்போதைக்கு, யார் தோளையும் பிடிக்காமல் பேருந்தில் ஏறி இறங்க வேண்டும். இன்னொருவருக்குத் தன் குழந்தையைத் தூக்க வேண்டியிருக்கும். வலி முழுக்கப் போகாது என்பதைச் சொல்லத் தயங்காதீர்கள், அது எங்களுக்கு எப்போதோ தெரியும். "முழுக்கப் போகாமல் இருக்கலாம், ஆனால் பேருந்து ஏறுவதற்கு வழி பார்ப்போம்" என்று சொல்லும் மருத்துவரை நாங்கள் விட்டு நகரவே மாட்டோம்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். காத்திருக்கும் கூடத்தில் கைப்பிடி வைத்த, கொஞ்சம் உயரமான நாற்காலி இரண்டையாவது போடச் சொல்லுங்கள். தாழ்ந்த சோஃபாவில் உட்கார்ந்துவிட்டால் எங்களால் எழுந்திருக்க முடிவதில்லை. அப்புறம், முன்மேசையில் இருப்பவர்களிடமும் சொல்லி வையுங்கள். சுவரில் சாய்ந்து நிற்கிறவரை "உட்காருங்க, உட்காருங்க" என்று திரும்பத் திரும்ப விரட்ட வேண்டாம். அவருக்கு அப்படி நின்றால்தான் சௌகரியம்.

இப்படிக்கு,
உங்கள் நோயாளிகளில் ஒருத்தி